வேலூர்–ஆம்பூர் பகுதியில் வீட்டு நீச்சல் குளத்தின் சுற்றுத்தளம்: பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நீச்சல் குளத்தின் விளிம்பைச் சுற்றி, வெறுங்காலுடன் நடப்பதற்கும் உட்காருவதற்கும் அமைக்கப்படும் திறந்தவெளித் தரையே சுற்றுத்தளம் ஆகும். கல், கான்கிரீட், சுடுமண் ஓடு, பீங்கான் ஓடு, மரம், பிளாஸ்டிக் கலந்த பலகை எனப் பல பொருள்களால் இது அமைக்கப்படுகிறது. குளிர்ச்சியான ஊர்களில் அழகும் விலையுமே தேர்வை முடிவு செய்யும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் பகுதியில் அவை போதா. கோடை வெயில் கடுமையாக இருப்பதோடு, இப்பகுதியின் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு மிகுந்ததாகவும் உள்ளது. தளம் வெயிலையும் உப்பையும் ஒருசேரத் தாங்க வேண்டும்.

இந்த இரண்டு தேவைகளும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. காலைச் சுடாத பொருள்களான சுடுமண்ணும் மரமும் நுண்துளை உடையவை. உப்பு நீரில் விரைவில் கெடுகின்றன. உப்பைத் தாங்கும் கருங்கல்லும் பீங்கானும் அடர்த்தி மிக்கவை. வெயிலில் காலைச் சுடுகின்றன. எனவே எல்லா வகையிலும் சிறந்த ஒரு பொருள் இப்பகுதிக்கு இல்லை. நிறம், மேற்பரப்பின் சொரசொரப்பு, நிழல் ஆகிய மூன்றையும் பொருளோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பகுதியின் வெயில்

வேலூர் நகரம் ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கு அட்சக்கோட்டில், கடலிலிருந்து விலகி, பாறைக் குன்றுகள் சூழ அமைந்துள்ளது. கடற்காற்றின் தணிப்பு இங்குக் குறைவு. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் காற்றின் வெப்பநிலை பல நாட்கள் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அம்மாத இறுதி வரை நீளும் கத்திரி வெயில் நாட்களில், தமிழ்நாட்டின் அதிக வெப்பநிலை பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூரின் பெயர் அடிக்கடி இடம்பெறும்.

வானிலை அறிக்கை சொல்வது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையையே. வெயிலில் கிடக்கும் தரையின் வெப்பநிலை அதைவிட மிகவும் கூடுதலாக இருக்கும். தெளிந்த வானில் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையின் மீது ஏறக்குறைய 1000 வாட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. இதில் பெரும்பகுதியை உறிஞ்சும் கரிய தரை, காற்று 40 டிகிரியில் இருக்கும்போதே 60 டிகிரியைத் தாண்டிவிடும்.

சூரியனின் பாதையையும் கவனிக்க வேண்டும். வேலூரில் ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாளிலும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டிய நாளிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். ஜூன் 21 அன்று இச்சாய்வு ஏறக்குறைய 10.5 டிகிரி. ஆகவே வீட்டின் வடபுறம் எப்போதும் நிழலாக இருக்கும் என்ற பொதுவான எண்ணம் இப்பகுதியின் கோடைக்குப் பொருந்தாது. மே மாத நண்பகலில் வடபுறத் தளத்திலும் வெயில் விழும். பிற்பகல் சூரியன் மேற்கே சாய்வதால், வீட்டின் கிழக்குப் புறத்தில் உள்ள தளத்துக்கே வீட்டின் நிழல் முதலில் கிடைக்கும். பிள்ளைகள் குளத்தில் இறங்கும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் என்பதால் இது பயனுள்ள செய்தி.

பகுதியின் நீர்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. இதன் கரையோர ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நீண்ட காலமாக நடைபெறுகிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் சமையல் உப்பே தடவப்படுகிறது. பதனிடுவதற்கு முன் தோலை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு கழிவுநீரில் கரைகிறது. முறையாகச் சுத்திகரிக்கப்படாமல் பல ஆண்டுகள் வெளியேறிய இந்நீர் ஆற்று மணலிலும் வயல்களிலும் கிணறுகளிலும் இறங்கியது.

இது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு கூறியது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போது இயங்குகின்றன. எனினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை.

நீச்சல் குளத்தை நிரப்பும் நீர் பெரும்பாலும் வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரே. குடிநீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 கூறுகிறது. எடுத்துக்காட்டாக, 1500 மில்லிகிராம் உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். 30 சதுர மீட்டர் பரப்புள்ள குளத்தில் கோடையில் நாளொன்றுக்கு 7 மி.மீ. நீர் ஆவியானால், இழப்பு 210 லிட்டர். அதை ஈடுகட்ட ஊற்றும் நீரில் ஏறக்குறைய 315 கிராம் உப்பு வருகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு குளத்திலேயே தங்கும். மூன்று மாதக் கோடையில் இது 28 கிலோவைத் தாண்டும். 36,000 லிட்டர் கொள்ளும் குளமானால், லிட்டருக்கு 1500 மில்லிகிராமாக இருந்த உப்பு ஏறக்குறைய 2300 ஆக உயர்ந்துவிடும். சுற்றுத்தளத்தில் தெறிப்பது இந்த நீர்தான்.

தோல் தொழிற்சாலைகளில் உப்பு நீரைப் பாத்திகளில் பரப்பி வெயிலில் காயவிட்டு உப்பைப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. குளத்தின் சுற்றுத்தளத்தில் நடப்பதும் சிறிய அளவில் அதுவே. தெறித்த நீரை வெயில் எடுத்துக்கொள்கிறது. உப்பு தளத்தின் மேலும் உள்ளும் தங்குகிறது.

தளம் காலைச் சுடுவது எப்படி

ஒரே வெயிலில் கிடந்த இரும்புக் கம்பியும் மரக்கட்டையும் ஒரே அளவில் கையைச் சுடுவதில்லை. காலுக்கும் அப்படித்தான். இதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் கலந்துள்ளன.

முதலாவது, தளம் எவ்வளவு சூடாகிறது என்பது. இதை முதன்மையாக முடிவு செய்வது நிறம். மெருகேற்றிய கருப்புக் கல் தன் மீது விழும் ஆற்றலில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உறிஞ்சும். புதிய சாம்பல் நிறக் கான்கிரீட் 60 முதல் 70 சதவீதம் வரை உறிஞ்சும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு 30 சதவீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சும். அழுக்கு படிந்தால் இந்த அளவு கூடும்.

இரண்டாவது, அந்தச் சூடு காலுக்குள் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது. இதைப் பொருளின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்ப ஏற்புத்திறன் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன. இம்மூன்றின் பெருக்கற்பலனின் வர்க்கமூலம் கருங்கல்லுக்கு ஏறக்குறைய 2400, கான்கிரீட்டுக்கு 1800, சுடுமண்ணுக்கு 1050, தேக்கு மரத்துக்கு 450. மனிதத் தோலுக்கு இதை 1200 எனக் கொள்ளலாம். தளமும் தோலும் தொட்டவுடன் இடையில் உருவாகும் வெப்பநிலை, இந்த எண்களின் எடைக்கேற்ப இரண்டுக்கும் நடுவில் அமையும்.

தோல் 34 டிகிரியிலும் தளம் 60 டிகிரியிலும் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், தொடும் இடத்தின் வெப்பநிலை இவ்வாறு கிடைக்கும்:

கருங்கல்: ஏறக்குறைய 51 டிகிரி
கான்கிரீட்: ஏறக்குறைய 50 டிகிரி
சுடுமண் ஓடு: ஏறக்குறைய 46 டிகிரி
தேக்கு மரம்: ஏறக்குறைய 41 டிகிரி

தோலின் வெப்பநிலை 43 முதல் 45 டிகிரியை எட்டும்போது வலி தொடங்குகிறது. 50 டிகிரிக்கு மேல் சில நிமிடங்கள் நீடித்தால் புண்ணாகும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த நேரம் வேகமாகக் குறையும். பெரியவர் துள்ளி நகர்ந்துவிடுவார். தவழும் குழந்தைக்கும், விழுந்து எழ முடியாத முதியவருக்கும், நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கும் அது இயலாது. நீரிழிவு உள்ளவர் சுட்டதை உணராமலேயே நின்றுவிடக்கூடும் என்பதால், அவர்கள் இருக்கும் வீட்டில் தளத்தின் சூடு வசதி பற்றிய கேள்வி அல்ல. உடல்நலம் பற்றிய கேள்வி.

மேற்கண்ட கணக்கில் இன்னொரு செய்தியும் உள்ளது. அதே கருங்கல்லின் வெப்பநிலையை 60-லிருந்து 48 டிகிரிக்குக் குறைத்தால், தொடும் இடம் 43 டிகிரிக்கு இறங்கிவிடும். நிழலில் 40 டிகிரியில் உள்ள கருங்கல்லைத் தொட்டால் அது 38 டிகிரி மட்டுமே. அதாவது, கல்லை மாற்றாமல் நிறத்தையும் நிழலையும் மாற்றியே பெரும்பயன் அடையலாம். தமிழகக் கோயில்களில் இந்த முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. கோடையில் வெளிப்பிரகாரத்துக் கருங்கல் தரையில் பக்தர்கள் வெறுங்காலுடன் நடக்க வெள்ளை நிற வெப்பத்தடுப்புப் பூச்சு அடிக்கப்படுகிறது; தேங்காய் நார் விரிப்பு போடப்படுகிறது; பந்தல் அமைக்கப்படுகிறது. பூச்சு உறிஞ்சுதலைக் குறைக்கிறது. நார் விரிப்பு பாய்ச்சலைத் தடுக்கிறது. பந்தல் வெயிலையே நிறுத்துகிறது.

வழுக்கல்

குளத்தருகே சூட்டுக்கு அடுத்த ஆபத்து வழுக்கல். மெருகேற்றிய எந்தக் கல்லும் ஓடும் நனைந்தால் வழுக்கும். ஓடு விற்கும் கடைகளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரையிலான எண்களைச் சொல்லி வழுக்காத தன்மையை விளக்குவார்கள். அந்த எண்கள், எண்ணெய் பூசிய சாய்தளத்தில் காலணி அணிந்து நடந்து பார்த்து வழங்கப்பட்டவை. குளத்தருகே நடப்பது நனைந்த வெறுங்கால். அதற்கான சோதனை தனி. அதில் ஏ, பி, சி என மூன்று வகுப்புகள் உண்டு. முறையே 12, 18, 24 டிகிரிச் சாய்வு வரை வெறுங்கால் வழுக்காமல் நிற்பதை அவை குறிக்கின்றன. குளத்தைச் சுற்றிய நடைபாதைக்குப் பி வகுப்பும், நீருக்குள் இறங்கும் படிக்குச் சி வகுப்பும் பொருத்தமானவை. இச்சான்று இல்லாத பொருளை, மாதிரி ஒன்றின் மீது நீர் ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

பொருள்களின் இயல்புகள்

கருங்கல்: இப்பகுதியைச் சுற்றிய குன்றுகளும் கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்துக் குவாரிகளும் இதற்கு ஆதாரம். நீர் உறிஞ்சுதல் மிகக் குறைவு என்பதால் உப்பு உள்ளே புக இடமில்லை. குளோரினும் அமிலமும் இதை எளிதில் அரிப்பதில்லை. குறை, காலைச் சுடுவது. கருப்பு, அடர்சிவப்பு நிறங்களைத் தவிர்த்து வெளிர்சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தீச்சுடரால் மேற்பரப்பைப் பொரியவைத்துச் சொரசொரப்பாக்கிய ‘ஃபிளேம்டு’ வகை குளத்துக்கு ஏற்றது. ‘லெதர் ஃபினிஷ்’ என்ற பெயரிலும் ஒரு வகை விற்கப்படுகிறது. ஆம்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர் என்றாலும் அதில் தோல் ஏதும் இல்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து மேடுபள்ளம் ஆக்கிய கல்லே அது. ஃபிளேம்டு அளவுக்குப் பிடிப்பு அதில் இராது.

கடப்பா, கோட்டா கற்கள்: ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலிருந்தும் இராஜஸ்தானின் கோட்டாவிலிருந்தும் வரும் இவை சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தவை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். கடப்பா கருமை நிறமுடையது என்பதால் வெயிலில் மிகவும் சூடாகும். குளத்து நீரின் காரத்தன்மையைக் குறைக்க ஊற்றும் அமிலம் சிந்தினால், சுண்ணாம்புக்கல் நுரைத்து அரிக்கும். வீட்டுக்குள்ளும் சமையல் மேடையிலும் நன்கு உழைக்கும் கல், குளத்தருகே பொருந்தாது.

கான்கிரீட்டும் பேவர் கற்களும்: வெளிர்நிறத்தில், துடைப்பத்தால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கிய கான்கிரீட் தளம் மலிவானது, வழுக்காது. பேவர் கற்களில் ஒன்று கெட்டால் அதை மட்டும் எடுத்து மாற்றலாம். சிவப்பு, கருப்பு நிறங்கள் வேண்டாம். கான்கிரீட் ஓரளவு நீரை உறிஞ்சும் என்பதால் அடர்த்தியாக இறுக்கிச் செய்ததாக இருக்க வேண்டும். மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூப்பது இப்பகுதியில் பொதுவாகக் காணப்படுவது.

சுடுமண் தட்டோடு: மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய மொட்டைமாடிகளின் மேல் பதித்த ஓடு இது. காலுக்கு இதமானது. நனைத்தால் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கிக் குளிர்விக்கும். மழைநீர் மட்டுமே படும் மாடியில் இந்தக் குணம் நன்மை. உப்பு நீர் தெறிக்கும் குளத்தருகே அதே குணம் தீமையாகிறது. ஓட்டின் நுண்துளைகளுக்குள் நீர் காயும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து, மேற்பரப்பைப் பொறுக்குப் பொறுக்காக உதிர்க்கின்றன. குளத்திலிருந்து விலகிய, நீர் தெறிக்காத உட்காரும் இடத்துக்கு இதைப் பயன்படுத்தலாம்.

ஆத்தங்குடி ஓடு: சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மீது சிமெண்ட், மணல், வண்ணம் சேர்த்து வார்க்கப்படும் இவ்வோடு, வீட்டுக்குள் நடந்து நடந்து மெருகேறுவது. நனைந்தால் வழுக்கும், வெயிலில் நிறம் மங்கும். குளத்தருகே இதைத் தவிர்க்க வேண்டும்.

பீங்கான் ஓடு: அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு வகை ஓட்டின் நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. உப்பு, அமிலம் இரண்டையும் தாங்கும். வெளிர்நிறத்தில் சொரசொரப்பான மேற்பரப்புடன், வெளிப்புறத் தரைக்கென்றே செய்த தடித்த ஓடுகள் கிடைக்கின்றன. மொட்டைமாடிக்காக விற்கப்படும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் சூட்டைக் குறைக்கும்; ஆனால் வெறுங்கால் வழுக்கலுக்குச் சோதித்தவைதானா எனப் பார்க்காமல் குளத்தருகே பதிக்கக் கூடாது.

மரம்: தேக்குப் பலகைத் தளம் காலுக்கு மிகவும் இதமானது. விலையும் பராமரிப்பும் அதிகம். வெயில், நனைதல், காய்தல் ஆகியவை மாறி மாறி வருவதால் பலகை வெடிக்கும், சிலாம்பு குத்தும். மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும். ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும். பலகையைப் பிடிக்கும் திருகாணிகளை உப்பு அரிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகிலும் 304 வகையைவிட 316 வகையே ஏற்றது.

பிளாஸ்டிக் கலந்த பலகை: மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்து டபிள்யூ.பி.சி. என்ற பெயரில் விற்கப்படுவது. கரையான் அரிக்காது, உப்பால் கெடாது. மரம் போலவே குளிர்ச்சியாக இருக்கும் என நம்பி வாங்குவோர் ஏமாறுகின்றனர். இது மரத்தைவிட அடர்த்தியானது. கடைகளில் காணப்படுபவை பெரும்பாலும் அடர்பழுப்பு, அடர்சாம்பல் நிறத்தவை. முழு வெயிலில் இதுவும் காலைச் சுடும். நிழல் உள்ள இடத்துக்கு, வெளிர்நிறத்தில் மட்டுமே பொருந்தும்.

செயற்கைப் புல்: பச்சையாக இருப்பதால் குளிர்ச்சி என்ற தோற்றம் தரும். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் புல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை. கடும் வெயிலில் இது கான்கிரீட்டைவிடவும் சூடாகும்.

நிழலும் நீர் தெளித்தலும்

முற்றத்தில் மாலை நேரம் நீர் தெளிப்பது பழைய வழக்கம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர் தெளித்தால், அது ஆவியாகும்போது ஏறக்குறைய 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பயன் உண்மையே. ஆனால் 1500 மில்லிகிராம் உப்புள்ள நீரைத் தினமும் தெளித்தால், 90 நாட்களில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 135 கிராம் உப்பு தங்கும். 20 சதுர மீட்டர் தளத்தில் அது 2.7 கிலோ. எனவே இப்பகுதியில் தளத்தைக் குளிர்விக்கத் தண்ணீரைவிட நிழலை நம்புவதே நல்லது.

நிழலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல், நிழல்வலை, புங்கை மரம் என வழிகள் பல. மரமானால் இலையும் பூவும் குளத்தில் விழும். வேர் குளத்துச் சுவரை நெருக்கும். ஆகவே மரத்தைத் தள்ளி மேற்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. பிற்பகல் வெயில் தாழ்ந்து வரும்போது தள்ளி நிற்கும் மரத்தின் நிழலும் தளம் வரை நீளும்.

மழைநீர் உப்பற்றது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர் விழும். வீணாவது போக இதில் பெரும்பகுதியைத் தொட்டியில் சேர்க்கலாம். குளத்தை ஈடுகட்டவும், வாரம் ஒருமுறை தளத்தை அலசவும் இந்நீரைப் பயன்படுத்தினால், மேலே கணக்கிட்ட உப்புச் சேர்க்கை பெரிதும் குறையும். நீர்ப்பற்றாக்குறை உள்ள பகுதியில் குளத்தை மூடிவைக்கும் விரிப்பும் தேவை. ஆவியாதல் குறைந்தால் உப்பு சேர்வதும் குறையும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

சாய்வு: தளம் குளத்திலிருந்து விலகி வெளிப்பக்கம் சாய வேண்டும். மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. போதும். நீர் தேங்கினால் வழுக்கும். காய்ந்தால் அங்கேயே உப்புப் படியும்.

இடைவெளி: சனவரி அதிகாலைக்கும் மே மாத நண்பகலுக்கும் இடையே தளத்தின் வெப்பநிலை 45 டிகிரி வரை மாறலாம். 3 மீட்டர் நீளக் கான்கிரீட் இதனால் ஏறக்குறைய 1.3 மி.மீ. நீளும், 10 மீட்டர் நீளம் 4.5 மி.மீ. நீளும். விரிய இடம் இல்லையெனில் ஓடுகள் மேலே எழும்பும். 3 மீட்டருக்கு ஒரு விரிவு இடைவெளியும், குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் இடையே நெகிழும் நிரப்பியும் வேண்டும்.

கலவை நீர்: உப்பு நீரால் கலவை போட்டால், தளம் கெடத் தொடங்குவது முதல் நாளிலேயே. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 தரநிலை, கம்பி வைத்த கான்கிரீட்டின் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு இந்த வரம்பு 2000. வேலை தொடங்கும் முன் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, துருப்பிடித்த கம்பியை உடைத்துச் சீர்செய்யும் செலவின் அருகில்கூட வராது.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையின் குளிர்சாதன அறையில் மாதிரியைத் தொட்டுப் பார்ப்பதால் பயனில்லை. பட்டியலிட்ட பொருள்களில் மூன்று அல்லது நான்கின் மாதிரித் துண்டுகளை, குறைந்தது ஒரு அடிச் சதுரமாக, வாங்கிவந்து குளம் அமையும் இடத்திலேயே வைக்க வேண்டும். காலை முதல் வெயிலில் கிடந்த அவற்றைப் பிற்பகல் 2 மணிக்கு முதலில் கையால் தொட்டும், பின்னர் வெறுங்காலால் மிதித்தும் பார்க்க வேண்டும். ஐந்து விநாடி நிற்க முடியாத பொருளை நீக்கிவிடலாம். மீதமுள்ளவற்றின் மீது நீர் ஊற்றி, வழுக்குகிறதா எனப் பார்க்க வேண்டும். கடைசியாக, அந்தக் கிணற்று நீரையே இரண்டு மூன்று வாரம் தினமும் ஊற்றிக் காயவிட்டால், எது உப்புப் பூக்கிறது, எது உதிர்கிறது என்பது தெரியும்.

இச்சோதனைகளைக் கடந்துவரக்கூடிய ஓர் அமைப்பு பின்வருமாறு அமையும். குளத்தின் விளிம்பிலிருந்து நீர் தெறிக்கும் தூரம் வரை வெளிர்சாம்பல் ஃபிளேம்டு கருங்கல் அல்லது வெளிர்நிறச் சொரசொரப்பான பீங்கான் ஓடு. அதன் மேல் பிற்பகல் நிழல் தரும் பந்தல். அதற்கு அப்பால், நீர் தெறிக்காத உட்காரும் இடத்தில் தட்டோடு அல்லது மரம். வீட்டிலிருந்து குளம் வரை வெயிலில் கடக்க வேண்டிய பாதை இருந்தால் அதில் நார் விரிப்பு. செலவைக் குறைக்க விரும்புவோர் கல்லின் பரப்பைக் குறைத்து, வெளிர்நிறக் கான்கிரீட்டைக் கூட்டலாம். நிழலுக்கான செலவை மட்டும் குறைக்கக் கூடாது.